நாத்திகர் ஒருவருக்காக மன்றாடலாமா?

மே முதல் நாள், தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாத் திருப்பலியை இரவு எட்டு மணிக்கு வைப்பது நம் பங்கின் வழக்கம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அன்று எல்லாருக்கும் விடுமுறை என்று நினைத்துவிட வேண்டாம். ஒப்பந்தத் தொழிலாளர் பலருக்கு அன்றும் ஷிப்ட் உண்டு. வேலை முடித்து, குளித்துவிட்டு வர அவர்களுக்கு நேரம் வேண்டும் அல்லவா?

அப்படி ஒரு மே முதல் நாளில், இறந்தோருக்கான கருத்துகளை எழுதும் நோட்டில் தாத்தா, பாட்டி பெயர்களுக்கு நடுவே ஒரு பெயர் இருந்தது: ம. சிங்காரவேலர். எழுதியவர் நம் பங்கின் தொழிலாளர் ஒருவர். பங்குப் பேரவையைச் சேர்ந்த பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, கடவுளே இல்லை என்றவருக்குப் பீடத்தில் என்ன வேலை என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. பதில் சொல்ல, முதலில் அந்த மனிதரின் வாழ்வைப் பார்க்க வேண்டும்.

சிங்காரவேலர் 1860 பிப்ரவரி 18 அன்று சென்னையில் மீனவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். மெரினா கரையோரத்து அயோத்தியா குப்பம் அவருடைய இடம். பழவேற்காட்டு மக்களுக்கு மீனவரைப் பற்றி நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. படகுக்கும் வலைக்கும் மந்திரித்துவிட்டுக் கடலுக்குப் போகும் வாழ்வு அது. அந்தச் சூழலிலிருந்து வந்தவர் கிறிஸ்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். சட்டமும் படித்து உயர் நீதிமன்ற வழக்கறிஞர் ஆனார். சாதி கடந்து அங்கம்மாளை மணந்தார். வீடு நிறைய நூல்கள் சேர்த்தார்.

அவர் தொடக்கத்திலேயே நாத்திகர் அல்ல என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். நெடுங்காலம் அவர் பௌத்தத்தில் ஈடுபாடு கொண்டிருந்தார். மகாபோதி சங்கத்தின் கூட்டங்கள் அவர் வீட்டில் நடந்தன. சாதியை ஏற்காத ஒரு சமயத்தை அவர் தேடினார் என்றே நமக்குத் தோன்றுகிறது. அந்தத் தேடலில் அவர் நம் வாசலில் வந்து நிற்கவில்லை. நிற்கவில்லையே என்று வருந்துவதற்கு முன், அந்நாளைய நம் ஆலயங்களை நினைத்துப் பார்ப்போம். வடக்கன்குளத்தில் சாதிகளைப் பிரித்து ஆலயத்துக்குள்ளேயே நின்ற சுவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடிக்கப்பட்டது. தனித்தனிக் கல்லறைத் தோட்டங்களின் கதை இன்னும் முடியவில்லை.

1921-இல் ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்து, வழக்கறிஞர் அங்கியை எரித்துத் தொழிலைக் கைவிட்டார். அந்த ஆண்டுதான் பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலையில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. வேலைக்குத் திரும்பியவர்கள், திரும்பாதவர்கள் என்ற பிளவு சாதிப் பிளவாக மாறியது. புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடும் நடந்தது. ஒரே தறியில் வேலை செய்தவர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட அந்த நாட்களில், சிங்காரவேலர் திரு.வி.க.வோடு தொழிலாளர் பக்கம் நின்றார்.

திரு.வி.க. யார்? நெற்றி நிறைய நீறணிந்த சைவர். அவர் துணைநின்ற சென்னைத் தொழிலாளர் சங்கமே 1918-இல் பெரம்பூரில் ஒரு பக்திச் சபையின் கூட்டங்களிலிருந்துதான் முளைத்தது. திருமால் பெயரில் சொற்பொழிவு கேட்கக் கூடியவர்கள் ஆலைக்குள் படும் பாட்டையும் பேசத் தொடங்கினார்கள். மதம் தொழிலாளியை உறங்க வைக்கிறது என்று சிங்காரவேலர் பிற்காலத்தில் எழுதியபோது, இந்தச் சபையை ஒரு கணம் நினைத்துப் பார்த்திருக்கலாம். எப்படியானாலும், பக்தரும் பகுத்தறிவாளரும் ஒரே மேடையில் நின்றார்கள்.

1922 இறுதியில் கயா காங்கிரஸில் தம்மைக் கம்யூனிஸ்ட் என்று வெளிப்படையாக அறிவித்தார். 1923 மே முதல் நாள், தம் 63-ஆம் வயதில், இந்தியாவிலேயே முதன்முறையாக மே தினம் கொண்டாடினார். சென்னையில் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரையில் ஒரு கூட்டம், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்னொன்று. அங்கே ஏற்றிய செங்கொடி மகளின் சிவப்புச் சேலையைக் கிழித்துச் செய்தது என்று சொல்வார்கள். தொழிலாளர் விவசாயிகளுக்கான ஒரு கட்சியும் அன்று பிறந்தது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அதே மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவாக ஏற்படுத்தியது 1955-இல். திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளரின் உரிமை பற்றிய சுற்றுமடலை 1891-லேயே எழுதிவிட்டார் என்பது உண்மைதான். ஆனால் அந்த நாளைக் கொண்டாட நம் கடற்கரைக்கு முதலில் வந்தவர் ஒரு சிங்காரவேலர்.

1925-இல் கான்பூரில் நடந்த கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1928-இல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்துக்காகப் பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. 68 வயதில் சிறை. 1930-இல் விடுதலையானார்.

பிறகுதான் அவருடைய நாத்திகம் உரத்த குரல் பெற்றது. பெரியாரின் குடி அரசு இதழில் அறிவியலை எளிய தமிழில் எழுதினார். சோதிடம், பேய், சகுனம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. சகுனத்தையும் சோதிடத்தையும் சாடியதில் அவரோடு நமக்குச் சண்டை ஏதுமில்லை. நம் மறைக்கல்வியும் அதைத்தான் சொல்கிறது, கேட்பவர்கள்தாம் குறைவு. 1933 இறுதியில் சென்னையில் நடந்த நாத்திகர் மாநாட்டிலும் முன்னின்றார்.

அவர் தவறிய இடமும் உண்டு. அறிவியல் வளர வளரக் கடவுள் நம்பிக்கை தானே உதிர்ந்துவிடும் என்று எண்ணினார். அவர் நம்பிக்கையோடு பார்த்த சோவியத் நாட்டில் அதே 1930-களில் ஆலயங்கள் மூடப்பட்டன, குருக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மதம் இல்லாத அரசு ஏழைக்குத் தானாகவே நீதி தந்துவிடவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் அந்த மறைச்சாட்சிகளுக்கு நாம் உண்மையாக இருக்க முடியாது.

ஆனால் நாத்திகம் பிறப்பதில் நம்பிக்கை கொண்டோருக்கே பங்குண்டு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. நம் வாழ்விலுள்ள குறைகள் கடவுளின் முகத்தைக் காட்டுவதற்குப் பதில் மறைத்துவிடுகின்றன என்பதே அதன் பொருள். குருமடத்தில் இதைப் படித்தபோது தேர்வுக்கான குறிப்பாகத்தான் நமக்குப் பட்டது. புரிந்தது இங்கே வந்த பிறகுதான்.

நோட்டில் பெயர் எழுதிய அந்தத் தொழிலாளர், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் எந்திரத்தில் இரண்டு விரல்களை இழந்தவர். செய்தி கேட்டு நாம் மருத்துவமனைக்குப் போனோம். செபித்தோம், நெற்றியில் சிலுவை வரைந்தோம், வந்துவிட்டோம். தொழிற்சங்கத்துத் தோழர்கள் இருவர் அங்கேயே இருந்தார்கள். இரவில் மாறி மாறிக் கண்விழித்தவர்களும், இழப்பீட்டுக்காகப் பல மாதம் அலைந்தவர்களும் அவர்களே. இருவருமே கோயில் பக்கம் போகாதவர்கள். அவர்கள் வீட்டுச் சுவரில்தான் சிங்காரவேலரின் படத்தை அவர் முதலில் பார்த்தாராம். ஏன் அந்தப் பெயரை எழுதினீர்கள் என்று கேட்டதற்கு, நன்றிக்காக என்று மட்டும் சொன்னார். நம்மைக் குறை சொல்லவில்லை. அதுதான் அதிகம் உறுத்தியது.

திராட்சைத் தோட்டத்துக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போன மகனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை நினைவுக்கு வராமல் இருக்குமா? அதற்காகச் சிங்காரவேலரைத் தன்னை அறியாத கிறிஸ்தவர் என்று நம் பக்கம் இழுத்துக்கொள்வதும் சரியல்ல. அவர் நன்கு யோசித்தே மறுத்தார். அந்த மறுப்பை மதிக்க வேண்டும். நம் மன்றாட்டை அவர் கேட்டிருக்கமாட்டார், ஒருவேளை சிரித்திருப்பார். ஆயினும் நற்கருணை மன்றாட்டு ஒன்றில், யாருடைய நம்பிக்கையை இறைவன் ஒருவரே அறிவாரோ, அத்தகைய இறந்தோர் அனைவரையும் திருச்சபை நினைவுகூர்கிறது. பேரவைப் பெரியவருக்கு அதைத் திருப்பலி நூலிலேயே காட்டினோம். அவர் இருமுறை படித்தார். பிறகு, சிங்காரவேலர் எப்போது இறந்தார் என்று கேட்டார்.

1946 பிப்ரவரி 11. லூர்து அன்னையின் விழா நாள். இப்போது உலக நோயாளர் நாளும் அதுவே. பெரம்பூர் திருத்தலத்துக்கு நம் பக்கத்திலிருந்தும் மக்கள் ரயில் ஏறிப் போகும் நாள்.

அன்றிரவு நோட்டில் இருந்த வரிசையிலேயே பெயர்களை வாசித்தோம். சிங்காரவேலர் நான்காவது. முதல் வரிசையில், விரல் இழந்த கையை மற்றக் கையால் மூடிக்கொண்டு அவர் நின்றிருந்தார். ஒன்பது மணி ஷிப்டுக்குப் போக வேண்டிய சிலர் நன்மை வாங்கியதும் மெல்ல வெளியேறினார்கள்.