எடிசனின் மற்றொரு விளக்கு

பொல்கொல்லையிலிருந்து சுரங்கவழி வரும் மகாவலி நீர், 1976 முதல் எங்கள் உக்குவளையில் இரவிலும் மின்சாரம் தருகிறது. கூரைமேலுள்ள சூரியத் தகடுகளோ அந்தியில் ஓய்ந்துவிடுகின்றன. அவற்றை நோக்குந்தோறும் எனக்கு எடிசன் நினைவே வரும்.

1847இல் பிறந்த அவரை மின்விளக்கோடு சேர்த்தே மாணவர் அறிவர். நான் பெரிதும் மதிப்பது அவருடைய நிக்கல்-இரும்புச் சேமிப்புக் கலத்தை. 1903இல் மோட்டார் வண்டிகளுக்கென விற்பனைக்கு வந்த கலங்கள் கசியத் தொடங்கின. ஆதாயத்தை எண்ணாது மறு ஆண்டே உற்பத்தியை நிறுத்தினார்; சொந்தப் பொருளைச் செலவிட்டு, 1909 வரை சோதனையில் மூழ்கினார். திருத்திய கலம் வெளிவருமுன் பெட்ரோல் வண்டி முந்திவிட்டது. அதனால் என்ன? 1912இல் அக்கலங்களால் ஒளிரும் வீடொன்றைச் செய்து காட்டினார். மின்கம்பி எட்டாத நாட்டுப்புற வீடுகளிலும் அவை விளக்கேற்றின. கலத்தை நிரப்பப் பெட்ரோல் இயந்திரம் வேண்டியிருந்ததே குறை. சிலிக்கன் சூரியக் கலம் 1954இல்தான் பிறந்தது. அவரோ 1931இலேயே மறைந்துவிட்டார்.