பறவையியல் மேதை சலீம் அலி



தட்டில் வரும் உணவு ஆகுமானதா, ஆகாததா என்று கேட்டறிந்து உண்பது நம் இல்லங்களின் வழக்கம். அத்தகைய ஓர் ஐயந்தான் சுமார் 120 ஆண்டுகளுக்கு முன் பம்பாய் நகரில் ஒரு சிறுவரின் வாழ்க்கையைத் திசை திருப்பியது. அவரைப் பறவையியல் மேதையாக்கியதும் அதுவே. நம் நாட்டின் ஏரிகளுக்காகவும் காடுகளுக்காகவும் வாதாடும் துணிவை அவருக்குத் தந்ததும் அதுவே.

1896 நவம்பர் 12-ஆம் நாள், சுலைமானி போரா முஸ்லிம் குடும்பமொன்றில் ஒன்பதாவது பிள்ளையாகச் சலீம் அலி பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்து எத்தீமானார். பிள்ளைப்பேறு வாய்க்காத தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியும் மாமி ஹமீதா பேகமும் அவரைத் தம் மகனாகவே வளர்த்தனர். மாமா வேட்டையில் பெருவிருப்பம் உடையவர். சிறிய காற்றுத் துப்பாக்கியால் குருவிகளை வீழ்த்துவதே மருமகனின் விளையாட்டாயிற்று.

பத்து வயதளவில், ஒருநாள் வீழ்த்திய சிட்டின் தொண்டையில் மஞ்சள் கறை போன்றதொரு திட்டு காணப்பட்டது. வீட்டைச் சுற்றித் திரியும் சிட்டுகளுக்கு அது இல்லை. இதனை உண்ணலாமா என்ற ஐயத்துடன் மாமாவிடம் கொண்டு சென்றார். மாமாவுக்கும் அதன் இனம் விளங்கவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? அற்பக் குருவிதானே என்று எறிந்துவிடவில்லை. தாம் உறுப்பினராயிருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லர்ட் என்ற ஆங்கிலேயரிடம் மருமகனை அனுப்பிவைத்தார்.

அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று மில்லர்ட் விளக்கினார். பின்னர் இழுப்பறைகளைத் திறந்து, பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். பயில்வதற்கு நூல்களும் தந்தார். இத்தனை வகைப் படைப்புகளா என்று வியந்த சிறுவருக்கு அன்று திறந்த வாயில், பின்னர் எந்நாளும் மூடவேயில்லை.

ஆயினும் அவர் சென்ற பாதை எளிதன்று. தலைவலி நோயால் படிப்பு தடைப்பட்டது. 1914-இல் குடும்பத் தொழிலைக் கவனிக்கப் பர்மாவின் தவாய் நகருக்குச் சென்றார். அங்கு வணிகத்தைவிடக் காடே அவரை ஈர்த்தது. 1917-இல் திரும்பி வந்து விலங்கியல் பயின்றார். 1918-இல் தஹ்மினா அம்மையாரை மணந்தார். முறையான பட்டம் இல்லாமையால் அரசின் விலங்கியல் ஆய்வுத் துறையில் இடம் கிடைக்கவில்லை. 1926-இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் விளக்கவுரையாளர் பணி கிட்டியது. 1928-இல் விடுப்பெடுத்துப் பெர்லின் சென்று, ஸ்ட்ரெஸ்மான் என்ற பேரறிஞரிடம் பறவையியலை முறையாகக் கற்றார். ஆனால் 1930-இல் தாயகம் திரும்பியபோது, நிதியில்லை என்று அப்பணியே நீக்கப்பட்டிருந்தது.

வேலையற்ற அவர் பம்பாய்க்கு அருகேயுள்ள கிஹிம் என்ற கடலோரச் சிற்றூரில் குடியேறினார். அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டுவதைப் பல மாதங்கள் பொறுமையுடன் நோக்கினார். ஆண் குருவி கூட்டைப் பாதியளவு பின்னி நிறுத்துகின்றது. பெண் குருவி வந்து பார்த்து ஏற்றுக்கொண்ட பின்னரே அதனை முடிக்கின்றது. அவள் அடைகாக்கத் தொடங்கியதும் வேறொரு கூட்டைப் பின்னப் புறப்பட்டு விடுகின்றது. எல்லாரும் கண்டும் காணாதிருந்த இவ்வாழ்க்கை முறையை அவரே தெளிவாக எழுதி வெளிப்படுத்தினார். வேலை போன துயரமே ஆராய்ச்சிக்கு வழியாயிற்று.

அதன்பின் ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி முதலிய சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்கும் பணியை மேற்கொண்டார். செலவுக்கு மட்டும் பணம் தந்தால் போதும், ஊதியம் வேண்டாம் என்பதே அவர் வைத்த ஏற்பாடு. காடு மேடெங்கும் உடன் வந்து உதவிய தஹ்மினா அம்மையார் 1939-இல் காலமானார். அத்துயரிலும் பணி நிற்கவில்லை. 1941-இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது நூல் வெளிவந்து, எளிய மக்களும் பறவைகளை இனங்காண உதவியது. அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் இணைந்து இந்திய, பாகிஸ்தானியப் பறவைகளைப் பற்றி 10 தொகுதிகளை 1968 முதல் 1974 வரை வெளியிட்டார்.

வாசகர்களே! அறிந்தவர்க்கே காக்கும் கடமை முதலில் வந்து சேர்கின்றது. இராஜஸ்தானத்தின் பரத்பூரில் மன்னர்களின் வேட்டைக்கென அமைந்த சதுப்பு ஏரி ஒன்று உண்டு. 1938-இல் வைஸ்ராய் லின்லித்கோ வந்த ஒரே நாளில் அங்கு 4,273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. விடுதலைக்குப் பின் அந்நீர்நிலையை வற்றச் செய்து விளைநிலமாக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. சலீம் அலி பிரதமர் நேருவிடம் எடுத்துரைத்து அதனைக் காப்பாற்றினார். 1982-இல் அது தேசியப் பூங்காவாயிற்று. 1985-இல் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

இங்கே நாம் ஊன்றிச் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உள்ளது. பூங்காவானதும் சுற்றுப்புற மக்களின் எருமைகள் அங்கு மேய்வது தடைசெய்யப்பட்டது. சலீம் அலி அவர்களும் சங்கத்தாரும் அத்தடையை ஆதரித்தனர். ஏழை மக்கள் எதிர்த்தபோது காவல்துறை சுட்டதில் உயிர்கள் பலியாயின. ஆனால் நடந்தது என்ன? எருமைகள் இல்லாமையால் நீர்ப்பரப்பெங்கும் புல் மண்டியது. பறவைகளுக்கு இடம் குறுகியது. இவ்வுண்மையைக் கண்டறிந்து கூறியதும் அதே சங்கத்தின் பத்தாண்டு ஆய்வுதான். காப்பதற்கு முன் கற்க வேண்டும், அங்கு வாழும் மக்களையும் சேர்த்தே கற்க வேண்டும் என்பதைப் பரத்பூர் உணர்த்திற்று. தாம் ஆதரித்த முடிவாயினும் அது தவறெனத் தெரிந்தால் மறைக்காத ஆராய்ச்சி மரபை வளர்த்தவர்களுள் சலீம் அலியும் ஒருவர் என்பது அவருக்குப் பெருமையே.

கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே அணை கட்ட முனைந்தபோது, அப்பழங்காடு மூழ்கலாகாது என்று குரல் கொடுத்தோரில் அவரும் முன்னின்றார். அத்திட்டம் கைவிடப்பட்டு, 1984-இல் அக்காடு தேசியப் பூங்காவாயிற்று. நம் கோடியக்கரைக்கும் அவர் பணி எட்டியது. வலசை வரும் பறவைகளின் கால்களில் சிறு வளையங்களை மாட்டிப் பறக்கவிடும் ஆய்வைச் சங்கத்தார் அங்கும் நடத்தினர். அத்தகைய வளையங்கள் தொலைதூரச் சைபீரியாவிலும் கிடைத்ததால், நம் உப்பளக் கரையும் வடபுல நாடுகளும் ஒரே பறவையின் இரு வீடுகள் என்பது புலனாயிற்று. ஒரு கரையை அழித்தால் மறுகரையும் வெறிச்சோடும் அன்றோ?

தேனி மாவட்டத்து மேகமலையும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1948-இல் அங்கே பிடிக்கப்பட்ட ஒரு பழந்தின்னி வௌவால், சாதாரண வகையென்று தவறாகக் கருதப்பட்டு, பம்பாய்ச் சங்கத்தின் சேமிப்பில் 24 ஆண்டுகள் கிடந்தது. 1972-இல் தாய்லாந்து அறிஞர் ஒருவர் அதனை நுணுகி ஆராய்ந்து, உலகம் அறியாத தனியினம் என்று கண்டு, சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். பெயர் கிடைத்த பின்னரே அதற்குச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடைத்தது. பெயர் தெரியாமலே அழிந்து போன உயிர்கள் எத்தனையோ! அவற்றுக்காக வருந்துவாரும் இல்லை.

பத்மபூஷண், பத்மவிபூஷண் விருதுகள் அவரை நாடி வந்தன. பெற்ற பெரும் பரிசுத் தொகையை இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கே அளித்தார். 1985-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு வெளிவந்த தன் வரலாற்று நூலுக்கு அந்தச் சிட்டின் வீழ்ச்சியையே பெயராக வைத்தார். 1987-இல், தமது 90-ஆம் வயதில் மறைந்தார். கோவையில் 1990-இல் அவர் பெயரால் பறவையியல் ஆய்வு மையம் நிறுவப்பட்டது.

அன்பர்களே! உங்கள் பிள்ளை ஒரு பறவையைக் காட்டி இது என்ன என்று கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிடில் தெரிந்தவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் ஊர்க் குளத்தைத் தூர்க்க எவரேனும் முற்பட்டால், அதனை நம்பி வாழும் உயிர்கள் எவை என்று முதலில் கேளுங்கள். விடை சொல்ல ஊரில் ஒருவராவது இருந்தால், அக்குளம் பிழைக்க வழியுண்டு.