பன்னிரண்டு படுக்கைகள்

அடி அண்ணாமலையில் வாழும் எங்களுக்குக் கிரிவலப் பாதையும் ரமணாசிரமமும் பழகிய இடங்கள். அங்கே 1949-ஆம் ஆண்டு ரமண மகரிஷியின் இடக் கையில் இருந்த புற்றுக்கட்டியை மருத்துவர்கள் நான்கு முறை அறுத்து எடுத்தார்கள். ரேடியமும் வைத்தார்கள். கட்டி மீண்டும் வளர்ந்தது. 1950 ஏப்ரல் 14-இல் அவர் மறைந்தார். புற்று என்றாலே முடிவுதான் என்று ஊரெல்லாம் எண்ணிய அந்நாளில், அதற்கென்றே தனி மருத்துவமனை கட்டச் சென்னையில் ஓர் அம்மையார் நிதி திரட்டிக்கொண்டிருந்தார். அவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

அம்மையார் 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தார். ஆண்கள் மட்டுமே படித்துவந்த மன்னர் கல்லூரியில் சேர்ந்தார். 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். சட்டசபைப் பணியும், தேவதாசி முறையை எதிர்த்த போராட்டமும், அவ்வை இல்லமும் பலரும் அறிந்தவை.

1923-இல் தங்கை சுந்தராம்பாள் குடல் புற்றால் இறந்தார். முதலில் அதைச் சீதபேதி என்றே நினைத்துவிட்டார்கள். தாமே மருத்துவராயிருந்தும் தங்கையைக் காக்க முடியாத துயரம் அம்மையாரை விடவேயில்லை. 1925-இல் இங்கிலாந்து சென்று மேற்படிப்புப் படித்தபோது புற்றுநோய் சிகிச்சையையும் கற்றார். திரும்பி வந்து மருத்துவமனை கேட்டபோது, சாகப் போகிறவர்களுக்கு எதற்குச் செலவு என்றார்கள். அவர் விடவில்லை. 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் அடையாற்றில் பன்னிரண்டே படுக்கைகளுடன் மருத்துவமனை திறந்தது. மகன் கிருஷ்ணமூர்த்தியும், மறு ஆண்டு சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1968-இல் அம்மையார் மறைந்தார்.

வைரஸ் என்றால் நோய் தருவது என்றே நாங்கள் படித்திருந்தோம். ஆனால் அம்மையார் பட்டம் பெற்ற அதே 1912-இல், இத்தாலியில் டி பாச்சே என்ற மருத்துவர் ஒரு வியப்பை எழுதி வைத்தார். நாய் கடித்ததற்காக, வலுவிழக்கச் செய்த வைரஸ் அடங்கிய ஊசி போட்டுக்கொண்ட ஒரு பெண்ணின் புற்றுக்கட்டி சுருங்கிவிட்டதாம்! அதன்பின் பல நாடுகளில் வைரஸ்களை நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். வெற்றியைவிடத் தோல்வியே மிகுதி. சோதனை என்றால் ஊசி போடுவது மட்டுமன்று. ஒவ்வொரு நோயாளியையும் ஆண்டுக்கணக்கில் கவனித்து எழுதிவைக்கவும் வேண்டும். புற்றுக்கென்றே மருத்துவமனை இல்லாவிட்டால் அதை யார் செய்வார்கள்?

இந்தியாவில் 2021-இல் டாட்டா நினைவு மையத்தார் அப்படியொரு சோதனையைத் தொடங்கினர். இரத்தப் புற்று நோயாளியின் வெள்ளணுக்களை எடுத்து, தீங்கு செய்யாதபடி மாற்றிய வைரஸ் மூலம் புதிய மரபணுவை அவற்றுள் புகுத்தி, மீண்டும் உடலில் செலுத்தும் முறை இது. 2023-இல் அரசு இதற்கு அனுமதி வழங்கியது. ஆனால் செலவு பல இலட்சம் ரூபாய். ஏழைகளுக்காகக் கையேந்திய அம்மையார் இதைக் கேட்டிருந்தால், மறுபடியும் நிதி திரட்டப் புறப்பட்டிருப்பார் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.