ஓடாது நின்ற அடிகளார்

1898ஆம் ஆண்டு பெங்களூரில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவியது. நெருக்கமான பழைய பேட்டைத் தெருக்களை விட்டு மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினர். காற்றும் வெளிச்சமும் வேண்டி அவர்கள் நாடிய புதிய குடியிருப்புகளாக மல்லேஸ்வரமும் பசவனகுடியும் விரைந்து வளர்ந்தன. நோய்க்கு அஞ்சி ஊரை விட்டு அகல்வது மனித இயல்பு. அதனைக் குற்றம் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அவ்வாறு அகலாத ஒருவர், அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன் இலங்கையில் வாழ்ந்தார். அவரே யோசேப் வாஸ் அடிகளார்.

1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவின் பெனாலிம் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தாய்மொழி கொங்கணி. 1676இல் குருவானார்; பின்னர் கருநாடகக் கடற்கரைப் பகுதியில் சில ஆண்டுகள் தொண்டாற்றினார். அக்காலத்தில் இலங்கையின் கரையோரங்களை ஒல்லாந்தர் ஆண்டனர். கத்தோலிக்க வழிபாட்டை அவர்கள் தடை செய்திருந்தமையால், அங்குள்ள கத்தோலிக்கர் குருவின்றித் தவித்தனர். இதைக் கேள்வியுற்ற அடிகளார், 1687இல் ஜான் என்னும் பணியாளுடன் தூத்துக்குடியிலிருந்து தோணியேறினார். அணிந்திருந்தது குருவின் உடையன்று; கூலியாளின் கந்தல்.

யாழ்ப்பாணத்தில் வயிற்றுக்கடுப்பு அவரைச் சாவின் விளிம்புவரை கொண்டு சென்றது. உடல் தேறியதும் கழுத்தில் செபமாலையை அணிந்து வீடு வீடாகப் பிச்சை ஏற்றார். மாலையைக் கண்டு யார் முகம் மலர்கிறது என்பதே அவர் தேடியது. தமிழைக் கற்றார், சில்லாலை என்னும் ஊரில் மறைந்திருந்து பணி செய்தார். பிறமொழி பேசும் ஊரில் வாழ நேர்ந்தவர்க்கு மொழி கற்பதன் அருமை தெரியும்.

1692இல் மலைநாட்டுத் தலைநகரான கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கீசியரின் ஒற்றர் என ஐயுற்று அவரைச் சிறையிலிட்டனர். அவரோ சிறையைப் பள்ளியாக்கிச் சிங்களம் பயின்றார். கடும் வறட்சியின்போது அவர் வேண்டுதல் செய்ய மழை பெய்தது என்றும், அதனால் மன்னனின் நன்மதிப்பைப் பெற்றார் என்றும் கூறுவர். அங்கு ஆண்ட இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்த சமயத்தவன்.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. தமிழ்நாட்டில் இன்றும் அம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகும் வழக்கம் உண்டு. அந்நாளில் அந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. ஜென்னர் அம்மைப்பால் குத்தும் முறையைக் கண்டது 1796இல்தான். உடலெங்கும் கொப்புளங்கள், கண் போகும், உயிரும் போகும். அருகில் சென்றவரையும் பற்றும். எனவே மன்னனும் அவையோரும் நகரை நீங்கினர். நோயுற்றோரை உறவினரே கைவிட்டனர். பெற்ற பிள்ளையை விட்டுச் செல்லும் தாயின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

அடிகளார் சென்றிருக்கலாம். அவரைத் தடுப்பார் எவருமில்லை. அவர் சாகாமல் இருந்தால்தானே இலங்கையிலுள்ள தம் மக்களுக்குக் குருவாக இருக்க முடியும் என்று காரணமும் சொல்லியிருக்கலாம். அவர் அவ்வாறு எண்ணவில்லை. பிணியாளரைத் தொட்டுக் குணமாக்கிய இயேசுவின் வழியில் வந்தவர், பிணியாளரைத் தொட அஞ்சலாகாது என்று கொண்டார். வெறிச்சோடிய வீடுகள் அவரால் மருத்துவமனைகளாயின. புண்களைக் கழுவினார், கஞ்சி ஊட்டினார், இறந்தோரைத் தம் கையாலேயே அடக்கம் செய்தார். கிறித்தவரா, பௌத்தரா என்று எவரையும் கேட்கவில்லை. பெருமளவில் பார்த்தால் மருத்துவம் என்று சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை. நீரும் சோறும் ஆறுதலுமே இருந்தன. கைவிடப்பட்டவர் பலர் நோயினால் மட்டுமன்றிப் பசியாலும் தாகத்தாலும் மடிவர். அத்தகையோரின் உயிரைக் காக்க அவை போதும்.

நோய் தணிந்தபின் ஊர் திரும்பியோர் தம் உறவினர் சிலரை உயிருடன் கண்டனர். அடிகளாரின் மீது மன்னனுக்கிருந்த மதிப்பு மேலும் உயர்ந்தது. கோவாவிலிருந்து வந்த வேறு குருக்களும் அவருடன் பணியாற்றினர். தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் அவர்களுள் ஒருவர்.

1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் அடிகளார் கண்டியிலேயே மறைந்தார். 2015இல் கொழும்புக் காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இலங்கையில் கால்வைத்த நாள்முதல் இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கு வாழ்ந்த அவர், பிறந்த ஊரான பெனாலிமுக்கு ஒருமுறையும் திரும்பவில்லை.