பகைவரின் பக்கத்தையும் கேட்டவர்



1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்தது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. எங்கோ ஐரோப்பாவில் மூண்ட போர் இராயபுரத்தின் பக்கத்திலேயே வந்து நின்றது. போர் ஏன் மூள்கிறது என்று ஆராய்ந்த ஒரு மனிதரின் வாழ்வை இன்று சிந்திப்போம்.

துசிடிடீஸ் கி.மு. 460 வாக்கில் ஏதென்ஸில் பிறந்தார். கி.மு. 431இல் ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் போர் தொடங்கியதுமே அதை எழுதத் தொடங்கினார். ஏதென்ஸ் வளர்ந்தது, ஸ்பார்ட்டா அஞ்சியது. அந்த அச்சமே போரின் உண்மைக் காரணம் என்று கண்டார். அடுத்த ஆண்டு வந்த கொள்ளைநோய் அவரையும் தாக்கியது, பிழைத்தார்.

கி.மு. 427இல் நடந்ததை அவர் விரிவாக எழுதியுள்ளார். கலகம் செய்த மித்திலின் நகரின் ஆண்கள் அனைவரையும் கொல்ல ஏதென்ஸ் மக்கள் கோபத்தில் தீர்மானித்து, கப்பலையும் அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மனம் மாறி, இரண்டாவது கப்பலை அனுப்பினார்கள். துடுப்பை நிறுத்தாமலே உண்டு, முறை வைத்து உறங்கி, அந்தத் தொழிலாளர்கள் கடைசி நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். கலகத் தலைவர்கள் கொல்லப்பட்டாலும் நகரம் தப்பியது.

கி.மு. 424இல் துசிடிடீஸ் தளபதியானார். அம்பிபோலிஸ் நகரைக் காக்க ஏழு கப்பல்களோடு விரைந்தார். அதற்குள் ஸ்பார்ட்டாவின் பிராசிடாஸ் கனிவான நிபந்தனைகள் தந்து நகரைப் பெற்றுவிட்டார். துசிடிடீஸுக்கு இருபது ஆண்டுகள் நாடு கடந்த வாழ்வு. அவர் புலம்பவில்லை, பிராசிடாஸின் நற்குணங்களையும் மறைக்காமல் எழுதினார். எதிர்த் தரப்பினரையும் விசாரித்து அறிய அந்த ஆண்டுகளைப் பயன்படுத்தினார். அவரது நூல் கி.மு. 411இன் நிகழ்ச்சிகளோடு பாதியில் நிற்கிறது.

1983 முதல் 2009 வரை இலங்கையிலும், 2022 முதல் உக்ரைனிலும் சிந்திய இரத்தத்தை நாம் அறிவோம். அங்கும் அச்சம் பகையை வளர்த்தது. பேரவையில் முடிவெடுத்தவர்களைவிடக் கடற்கரையில் வாழ்ந்தவர்களே அதிகம் இழந்தார்கள். நம் குப்பங்களில் எழும் வலைத் தகராறும், ஆலை வாசலில் இரு சங்கங்கள் மோதுவதும் அளவில் சிறியவை. ஆனால் வேர் ஒன்றே. கோபத்தில் முடிவெடுக்கும்போது, எதிர்த் தரப்பு எதற்கு அஞ்சுகிறது என்று ஒருமுறை கேட்போம். கேட்காமல் முதல் கப்பலை அனுப்பிவிட்டோம் என்றால், இரண்டாவது கப்பலை அனுப்பத் தயங்காதிருப்போம். தாமதித்தால் அது போய்ச் சேராது.