முத்துலட்சுமி அம்மையார் கற்ற மருத்துவம்

தஞ்சைத் தரணிக்குத் தெற்கே அடுத்துள்ள புதுக்கோட்டை, அந்நாளில் தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனிச் சமஸ்தானம். அங்கே 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். தந்தை நாராயணசாமி ஐயர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபினர். அம்மையார் நம் சமூகத்தில் பிறந்தவர் அல்லர். எனினும், பிறப்பைக் காட்டிக் கல்விக்கூட வாயிலை அடைக்கும் கொடுமையை நாம் அறிவோமாதலின், அவர்தம் வரலாறு நமக்கு அயலானதன்று.

மெட்ரிகுலேஷன் தேறியபின், ஆண்களே பயின்ற மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். பெண் என்பது ஒரு தடை; தாயின் குலம் மற்றொரு தடை. மாணவர் ஒழுக்கம் கெடும் என்றுகூடச் சில பெற்றோர் முறையிட்டனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதனைப் பொருட்படுத்தாது இடமளித்தார்.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பயின்ற முதற்பெண் இவரே எனச் சிலர் எழுதுவது பிழை. 1875-லேயே மேரி ஷார்லீப் முதலிய பெண்கள் அங்கே சேர்ந்துள்ளனர். இல்லாத பெருமையை ஏற்றிச் சொல்ல வேண்டியவரா அம்மையார்? பரிசுகள் பல பெற்று 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பின்னர்ச் சட்டமன்றம் புகுந்து தேவதாசி முறையை எதிர்த்துப் போராடினார். 1930-இல் அம்மரபில் பிறந்த சிறுமியர் சிலருக்குச் சென்னை விடுதிகள் இடம் மறுத்தன. குலத்தால் கதவடைபட்ட அப்பிள்ளைகளைத் தம் வீட்டிலேயே ஏற்றார் அம்மையார். அதுவே அவ்வை இல்லமாயிற்று.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவரை விட்டு நீங்கவில்லை. 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அம்மையார் 1968 ஜூலை 22-இல் மறைந்தார்.