மேலூர் எம்.எல்.ஏ. கக்கன்

மூன்றாம் வருடத்தில் நம் சிவில் செட்டை வைகை அணைக்கு டூர் கூட்டிப் போனார்கள். 111 அடி உயரம், 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம், 1959 ஜனவரியில் காமராஜர் திறந்து வைத்தார் என்று நோட்டில் எழுதிக்கொண்டோம். பூங்காவில் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டோம். அப்போது பொதுப்பணித் துறை மந்திரி யார் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. மேலூர் எம்.எல்.ஏ. திரு. பி. கக்கன் அவர்கள் என்பது வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மேலூர் பக்கம் தும்பைப்பட்டியில் 1908 ஜூன் 18-ஆம் தேதி பிறந்தவர். தாழ்த்தப்பட்ட குடும்பம், அப்பா கிராமக் கோயில் பூசாரி. மதுரை வைத்தியநாதய்யரின் அறிமுகம் அவர் வாழ்க்கையையே மாற்றியது. 1939 ஜூலை 8-ஆம் தேதி அய்யர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனவர்களில் கக்கனும் ஒருவர். 1955-இல் அய்யர் மறைந்தபோது, பெற்ற பிள்ளைகளோடு சேர்ந்து இவரும் மொட்டை போட்டுக்கொண்டார். அந்தக் காலத்து மதுரையில் இது சாதாரண விஷயமா என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் அலிப்புரம் சிறை, பிறகு அரசியல் நிர்ணய சபை, 1952-இல் பாராளுமன்றம். 1957-இல் மேலூரில் ஜெயித்து சட்டசபைக்கு வந்ததும், காமராஜர் அவரிடம் பொதுப்பணித் துறையைக் கொடுத்தார். அணை வேலை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. முடிந்தது இவர் பொறுப்பில். வைகையில் தேங்கும் பெரியாறு தண்ணீர் பேரணையில் பிரிந்து, பெரியாறு பிரதானக் கால்வாய் வழியாகப் போய்ச் சேர்கிற இடம் மேலூர்ச் சீமை. தொகுதிக்காரர்கள் மந்திரியை விசாரிக்க அந்தக் கால்வாய்க் கரையே போதும் என்று நினைக்கிறேன்.

1962-இல் சமயநல்லூரில் ஜெயித்தார். விவசாயம், அதன் பின் 1963-இலிருந்து உள்துறை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்: 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது போலீஸ் இவர் இலாகாவில்தான் இருந்தது. முதல்வர் பக்தவத்சலத்தோடு சேர்ந்து அந்தக் கோபத்தை இவரும் சுமந்தார். மாணவர்கள் மறக்கவில்லை, மறக்கவும் வேண்டியதில்லை. 1967-இல் சொந்த ஊர்ப் பக்கத்திலேயே தோற்றார்.

பில் பாஸ் ஆக எத்தனை மேசை தாண்ட வேண்டும் என்பது இந்த மலரைப் படிக்கிற சிவில்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் வேலையில் ஒரு ஒப்பந்தக்காரரின் கவர் என் மேசைக்கும் வந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன், ஆனால் இரண்டு நாள் கழித்துத்தான். அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அத்தனை அணையும் பாலமும் ரோடும் நடந்த இலாகாவில் கக்கன் ஐந்து வருடம் மந்திரி. பதவி போன பிறகு அவர் பஸ்சில் போய்வந்தார். உடம்பு முடியாமல் மதுரை அரசு ஆஸ்பத்திரியில் சாதாரண வார்டில் கிடந்தார். வேறொருவரை நலம் விசாரிக்க வந்த முதல்வர் எம்.ஜி.ஆர்., கக்கனும் அங்கே இருப்பதைக் கேள்விப்பட்டு, போய்ப் பார்த்துப் பதறிப்போனார். அதற்குப் பிறகுதான் அரசு உதவி கிடைத்தது.

1981 டிசம்பர் 23-ஆம் தேதி காலமானார். 1999-இல் தபால்தலை வெளியிட்டார்கள். தும்பைப்பட்டியில் மணிமண்டபம் இருக்கிறது. மேலூரிலிருந்து திருச்சி போகிற ரோட்டில் இறங்கினால் போதும். அடுத்த தடவை ஜூனியர்களை வைகைக்குக் கூட்டிப் போகிறவர்கள், திரும்பும்போது பஸ்சை அந்தப் பக்கமும் விடச் சொல்லுங்கள். டீசல் செலவை எங்கள் செட் பார்த்துக்கொள்ளும்.